அட்டு நின்றவன் அகம்: களத்தில் நேரும் இறப்பும் வென்றோன் துயரும்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். முக்காவல் நாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனோடு கிள்ளி பொருத செய்தி இவற்றுள் விரிகிறது. ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்த, மறுகால் அவன் முதுகுப்புறத்தை வளைக்க, மூங்கிலை முறிக்கும் யானைபோல் இருபுறமும் ஒடிய மோதினான் என்பது 80ஆம் பாடலின் காட்சி. இப்போரைக் குறிக்கப் பாடலும் அதன் அடிக்குறிப்பும் ஆளும் வினை ‘அடுதல்’ என்பதாகும். வெல்லுதல், கொல்லுதல் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆமூர் மல்லன் தோற்றானா, இறந்தானா என்னும் வினாவுக்கு அச்சொல்லிலிருந்து விடை பெற இயலாது. தமிழின் பழஞ்சொல் வெற்றிக்கும் கொலைக்கும் இடையே கோடு கிழிக்காமல் விட்டிருப்பது தற்செயலானதன்று. போர்க்களத்தில் அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இப்பாடல்களில் பார்ப்போர் பலர் உள்ளனர். மகனது வெற்றியைத் தந்தை தித்தன் காண வேண்டும் என்று சாத்தந்தையார் விரும்புகிறார். பனையடியில் நின்று நக்கண்ணையார் காண்கிறார். ஊரார் வெற்றி அவனது என்றும் அன்று என்றும் இரு கூறாகப் பேசிக்கொள்கின்றனர். பொருத இருவரின் உள்ளத்தையும் பற்றி மட்டும் எப்பாடலும் பேசவில்லை. மல்லனுக்குப் பெயர்கூட இல்லை. தாயும் மனைவியும் இல்லை. வென்றவனுக்குப் பெயர் உண்டு. தோளும் தாளும் உண்டு. ஆனால் அன்றிரவு அவன் எவ்வாறு உறங்கினான் என்று கேட்பார் இல்லை. விதிகளுக்கு உட்பட்ட ஆட்டத்தில், இருவரும் உடன்பட்டு இறங்கிய களத்தில், எதிராளி இறந்துபட்டால் வென்றவன் சுமப்பது குற்றமா, துயரமா, அல்லது இவற்றினும் வேறான ஒன்றா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அதற்கான சான்றுகள் பெரும்பாலும் கடந்த நூற்றாண்டின் குத்துச்சண்டை வரலாற்றிலிருந்து கிடைக்கின்றன. அவற்றை எடையிடுவதற்கான அளவுகோல்கள் தமிழிலேயே உள்ளன.

குத்துச்சண்டையின் தனிநிலை

விளையாட்டில் மரணம் நேர்வது குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதன்று. இந்திய மட்டையாளர் இராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்கா நகரின் பங்கபந்து அரங்கில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தபோது, மெக்ராப் உசேன் அடித்த பந்து நெற்றியில் பட்டுச் சில நாள்களில் உயிர்நீத்தார். பந்து நெற்றியில் பட்டுத் தெறித்து விக்கெட் காப்பாளரின் கையில் சேர, மெக்ராப் ஆட்டமிழந்தார். ஆட்ட விதியின்படி அப்பந்தில் தோற்றவர் அடித்தவரே. லாம்பா அங்கு நின்றிருந்ததும் பந்து அவ்வழியே சென்றதும் ஊழ் எனத்தக்க தற்செயல். மெக்ராபின் நோக்கம் ஓட்டங்கள் எடுப்பதாகும். லாம்பாவின் நெற்றி அந்நோக்கத்தில் எங்கும் இல்லை.

குத்துச்சண்டையில் நிலை வேறு. எதிராளியின் தலையே அங்கு இலக்கு. எதிராளியை நினைவிழக்கச் செய்வதே ஐயத்துக்கு இடமற்ற வெற்றி. நினைவிழப்பு என்பது மூளை அதிர்ச்சியன்றி வேறில்லை. அடியின் விசையால் மண்டையோட்டுக்குள் மூளை சுழன்று அசையும்போது, அதன் மேற்பரப்பிலிருந்து உறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் கிழிந்து குருதி தேங்குகிறது. களத்தில் நிகழ்ந்த இறப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். எனவே கொல்லும் எண்ணம் இருந்ததில்லை என்று வென்றவர் உண்மையாகவே கூறலாம். தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததில்லை என்று கூற இயலாது. இவ்விரண்டு கூற்றுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் அவரது துயரம் குடிகொள்கிறது.

இவ்விடைவெளியை ஒளிக்காமல் கூறியவர் சுகர் ரே ராபின்சன். 1947 சூன் 24இல் கிளீவ்லாந்து நகரில் அவரிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்த சிம்மி டாய்ல் பின்னர் இறந்தார். இறப்பு விசாரணையின்போது டாய்லை இக்கட்டில் மாட்டிவிட எண்ணினீரா என்று அதிகாரி வினவ, மனிதரை இக்கட்டில் மாட்டுவதே தம் தொழில் என்னும் பொருள்பட ராபின்சன் விடையிறுத்தார். இவ்விடை பலரால் இரக்கமற்றதெனக் கருதப்பட்டது. ஆனால் போட்டிக்கு முந்தைய இரவில் டாய்ல் தம் கையால் இறப்பதாகக் கனவு கண்டு, போட்டியிலிருந்து விலக முயன்று, சமயக் குரு ஒருவர் தேற்றிய பின்னரே களமிறங்கியவர் அவர். டாய்ல் தம் தாய்க்கு ஒரு வீடு வாங்க விரும்பியிருந்ததை அறிந்து அத்தாய்க்குப் பொருளுதவிக்கும் அவர் வழி செய்தார். விசாரணை மன்றத்தில் அவர் உரைத்தது தொழிலின் உண்மை. கனவில் கண்டது தொழிலுக்கு அப்பாற்பட்ட உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

உடன்பாடும் சட்டமும்

உடன்பட்டவனுக்கு நேரும் தீங்கு குற்றமாகாது என்பது சட்டத்தின் நிலைப்பாடு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 87ஆம் பிரிவிலும், அதற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 25ஆம் பிரிவிலும் இதனைக் கூறுகின்றன. பதினெட்டு வயது நிரம்பியவர் உடன்பட்டிருக்க வேண்டும். இறப்பையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் எண்ணமும், விளையக்கூடும் என்னும் அறிவும் செய்தவனுக்கு இருத்தலாகாது. சட்டம் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு பொழுதுபோக்காக வாள்வீச்சில் ஈடுபடும் இருவராவர். இவ்வெடுத்துக்காட்டு நுணுகி நோக்கத்தக்கது. வாள்வீச்சில் காயம் ஆட்டத்தின் பிழை; குத்துச்சண்டையில் காயம் ஆட்டத்தின் பயன். சட்டம் தன் மனக்கண்ணில் கண்ட ஆட்டம் வேறு. அதன் நிழலில் ஒதுங்கி நிற்கும் ஆட்டம் வேறு.

2022 சூலையில் பெங்களூரில் நடைபெற்ற உதைக்குத்துச் சண்டைப் போட்டி ஒன்றில் அடிபட்டு மைசூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்தபோது, வழக்கு அமைப்பாளர்களின் கவனக்குறைவு குறித்ததாகவே இருந்தது. மருத்துவ ஏற்பாடுகள் பற்றிய வினாக்கள் எழுந்தன. அவை எழ வேண்டிய வினாக்களே. ஆயினும் எதிரே நின்று அடித்த மற்றோர் இளைஞரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. சட்டம் ஒருவரைக் குற்றவாளியல்லர் என்று விட்ட கணத்திலேயே சமூகம் அவரைப் பாதிக்கப்படாதவர் என்றும் கருதிவிடுகிறது. ஆமூர்ப் பாடல்களில் காணப்படும் அதே மௌனம் இங்கும் தொடர்கிறது எனலாம்.

சரக்குந்து ஓட்டுநரும் சோழ இளவரசனும்

ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்னார்டு வில்லியம்சு ‘அறநெறியில் ஊழ்’ பற்றி 1976இல் எழுதிய கட்டுரையில் ஒரு சரக்குந்து ஓட்டுநரைக் காட்டுகிறார். அதனை நம் நாட்டுச் சூழலில் வைத்து நோக்கலாம். ஐதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டைச் சாலையில் ஓட்டுநர் ஒருவர் உரிய வேகத்தில், உரிய கவனத்துடன் வண்டி செலுத்துகிறார். திடுமென ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து சக்கரத்தில் சிக்கி இறக்கிறது. ஓட்டுநர் மீது பிழையேதும் இல்லை; கண்டவர் அனைவரும் அவ்வாறே சான்று பகர்கின்றனர். சாலையோரம் நின்ற தேநீர்க் கடைக்காரரும் வருந்துகிறார், ஓட்டுநரும் வருந்துகிறார். இரண்டும் ஒரே வருத்தமா? அன்று என்பது வில்லியம்சின் விடை. கடைக்காரர் நிகழ்ந்ததற்கு வருந்துகிறார். ஓட்டுநர் தாம் செய்ததற்கு வருந்துகிறார். பிழையின்றியும் எழுகின்ற இவ்வருத்தத்தைச் ‘செய்தோன் வருத்தம்’ எனத் தமிழில் குறிக்கலாம். ஓட்டுநரை நோக்கி ‘உன்மேல் தவறில்லை’ என்று பிறர் கூறுவதே முறை. ஆனால் அதைக் கேட்டவுடன் அவர் நிம்மதியடைந்து அடுத்த சுமைக்குக் கிளம்பிவிட்டால், அதே பிறர் அவரை ஐயத்துடன் பார்ப்பர். ஆறுதல் கூறுவோர் அவ்வாறுதல் உடனே ஏற்கப்படுவதை விரும்புவதில்லை. இம்முரண் மனித வாழ்வின் நுட்பங்களுள் ஒன்று.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வரும்போது ஆன்கன்று ஒன்று யாரும் காணாதபடி துள்ளிப் பாய்ந்து தேர்க்காலில் பட்டு மடிகிறது. இப்பகுதியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசனின் நீதியையே பேசினர். இளவரசனின் நிலையும் சேக்கிழாரால் கூறப்பட்டிருப்பது கருதத்தக்கது. அவன் தளர்ந்து நடுங்குகிறான். இப்பழி தந்தையின் செவிக்கு எட்டுமுன் கழுவாய் உண்டா என்று மறையவரை நாடிச் செல்கிறான். அமைச்சர்களும் கழுவாயே போதும் என்கின்றனர். அரசன் மறுக்கிறான். நாச்சாரத்து ஓட்டுநரைப் போன்றே இளவரசனும் பிழையற்றவன். கன்றை அவன் காணவே இல்லை. ஆயினும் செய்தவன் அவனே. கழுவாய் என்னும் கருத்து பிழையற்ற செயலுக்கும் பொருந்தும் என அம்மரபு கொண்டிருந்தது என்பது இதனால் புலனாகிறது. இன்றைய உலகில் குத்துச்சண்டை வீரருக்கு அத்தகைய கழுவாய் ஏதும் வகுக்கப்படவில்லை. ‘இது ஆட்டத்தின் இயல்பு’ என்னும் ஒரு தொடரை மட்டும் கையில் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். இராபின்சன் அத்தாய்க்குப் பொருளுதவியதைத் தாமே தமக்கு வகுத்துக்கொண்ட கழுவாயாகக் கொள்ளலாம்.

ஓட்டுநரோடும் இளவரசனோடும் வீரரை ஒருங்கு வைப்பதில் ஓர் இடர் உண்டு என்பதையும் மறுத்தலாகாது. அவ்விருவரும் காணவில்லை, வீரர் காண்கிறார். எதிராளியின் கண் மங்குவதையும் கை தாழ்வதையும் முதலில் அறிபவர் அவரே. அதனை அறிந்து மேலும் அடிப்பதே அவர் கற்ற கலை. நடுவர் நிறுத்தும்வரை நிறுத்தாதே என்பது பயிற்சியின் அரிச்சுவடி. நிறுத்தும் பொறுப்பு நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டதால் வீரரின் கை விடுதலை பெறுகிறது. உள்ளம் அவ்வாறு விடுதலை பெறுவதில்லை.

எமில் கிரிஃபித்தின் வழக்கு இவ்விடரின் உச்சம். 1962 மார்ச் 24இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் பெனி பாரெட்டை அவர் எதிர்கொண்டார். எடை பார்க்கும் நிகழ்ச்சியில் கிரிஃபித்தின் பாலியல்பைச் சுட்டிப் பாரெட் இழிசொல் ஒன்றைக் கூறியிருந்தார். பன்னிரண்டாம் சுற்றில் கயிற்றின் மூலையில் சிக்கி, கைகளை உயர்த்த இயலாது நின்ற பாரெட்டின் தலையில் இடைவிடாது அடிகள் விழுந்தன. நடுவர் உரூபி கோல்ட்சுடைன் தடுத்தபோது காலம் கடந்துவிட்டது. பத்து நாள்கள் நினைவின்றிக் கிடந்து ஏப்ரல் 3இல் பாரெட் இறந்தார். தொலைக்காட்சியில் நேரடியாக இதனை நாடே கண்டது. அன்று கிரிஃபித்தின் கையில் இருந்தது கலையா, சினமா? கொல்ல எண்ணவில்லை என்று அவர் இறுதிவரை கூறினார். அதனை நம்பாதிருக்கக் காரணமில்லை. ஆனால் சினமே இல்லை என்று கூறுவது கடினம். செய்தோன் வருத்தத்தின் உள்ளே தன்னையே ஐயுறும் வருத்தம் ஒன்று இங்கு நுழைந்துவிடுகிறது. அவர் பல்லாண்டுகள் தீக்கனவுகளால் அலைக்கழிந்தார். பின்னர் ஆடிய போட்டிகளில் எதிராளியை முழு விசையோடு அடிக்கத் தயங்கியதாகத் தாமே ஒப்புக்கொண்டார். ஒரு மனிதனைக் கொன்றதை உலகம் மன்னித்தது, ஒரு மனிதனை நேசித்ததை மன்னிக்கவில்லை என்று முதுமையில் அவர் கூறியதாகப் பரவலாக எடுத்துரைக்கப்படும் கருத்து, உலகின் மன்னிப்பு எத்துணை மலிவானது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

ஒரு குறளும் இரு வழிகளும்

செய்தபின் இரங்கத்தக்க வினை பற்றித் திருக்குறள் வினைத்தூய்மை அதிகாரத்தின் ஐந்தாம் குறளில் (655) பேசுகிறது. பின்னர் இரங்க நேரும் செயலைச் செய்யற்க என்பது அதன் முன்பாதி. அதில் கருத்து வேறுபாடில்லை. ஒருவேளை செய்துவிட்டால் என்ன செய்வது என்னும் பின்பாதியில் உரை இரண்டாகப் பிரிகிறது. மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாமை நன்று என்பது ஒரு சாரார் உரை. இருந்து இரங்காமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். ‘அன்ன’ என்னும் சுட்டு செயலைச் சுட்டுகிறதா, இரக்கத்தைச் சுட்டுகிறதா என்பதே சிக்கல். இது வெறும் இலக்கணச் சிக்கல் எனத் தோன்றலாம். களத்தில் எதிராளியை இழந்த வீரர் ஒவ்வொருவரும் மறுநாள் காலையில் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே: களத்தை விடுவதா, துயரை விடுவதா?

பரிமேலழகர் வழியில் சென்றோர் பலர். பாரி மெக்குய்கன் 1982 சூனில் இலண்டனில் வீழ்த்திய நைசீரிய வீரர் யங் அலி, பல மாதங்கள் நினைவின்றிக் கிடந்து அவ்வாண்டின் இறுதியில் இறந்தார். மெக்குய்கன் தொழிலைக் கைவிட எண்ணிப் பின் தொடர்ந்தார். 1985 சூனில் உலகப் பட்டம் வென்றபோது அவ்வெற்றியை இறந்தவருக்கு உரியதாக்கிக் கண்ணீர் விட்டார். 2019 அக்டோபரில் சிகாகோவில் பாட்ரிக் டே என்னும் வீரர் இறக்க, அவரை வென்ற சார்லசு கான்வெல், டேக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். களத்தை விட எண்ணியதாகவும், டே அதனை விரும்பியிருக்க மாட்டார் என்று கருதி, அவர் வேண்டிய உலகப் பட்டத்தை வெல்வதே தம் கடன் எனத் தெளிந்ததாகவும் அதில் குறிப்பிட்டார். இறந்தவரின் விருப்பத்தை உயிரோடிருப்பவர் தம் தேவைக்கேற்பக் கற்பித்துக்கொள்கிறார் என்று இதனைக் குறை கூறுவது எளிது. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் தொழிலை விட்டு விலகுவதும் இறந்தவரின் பெயரால் செய்யப்படும் கற்பிதமே. எவ்வழியில் சென்றாலும் இறந்தவரோடு பேசாமல் செல்ல இயலவில்லை என்பதே நோக்கத்தக்கது. தொடர்வோர் துயரை விட்டுவிட்டுத் தொடரவில்லை. அதனைத் தூக்கிக்கொண்டே தொடர்ந்தனர். அவ்வகையில் உரையாசிரியர் வகுத்த இரு வழிகளும் அவர்களுக்குப் போதவில்லை எனலாம்.

வட சென்னையின் குத்துச்சண்டை சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரைகளாக வளர்ந்தது. 2021இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றால் அவ்வரலாறு பலரும் அறிந்ததாயிற்று. அங்கு களமிறங்குபவன் தனியன் அல்லன். வாத்தியாரின் மானமும் பகுதியின் மானமும் அவன் கையில் உள்ளன. வெற்றி பரம்பரைக்கு உரியதாகும்போது வெற்றியின் விளைவும் பரம்பரைக்கு உரியதாக வேண்டும். தொழில்முறைக் களத்தில் நடுவர், மருத்துவர், அமைப்பாளர், நுழைவுச்சீட்டு வாங்கியோர் எனப் பலர் கூடி நிகழ்த்தும் ஒன்றின் சுமை, இறுதியில் ஒருவர் தலையில் இறங்கிவிடுகிறது. பரம்பரை முறையில் வேறு குறைகள் பல உண்டு. சுமையைப் பகிர்ந்துகொள்ளும் தோள்கள் அதில் மிகுதி என்பது மட்டும் இங்குக் கருதத்தக்கது.

தோற்றவன் உயர்வு

வென்றவனை நோக்கி இறந்தவனைப் பற்றிப் பேசிய குரல் ஒன்று சங்க இலக்கியத்தில் உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று முதுகில் புண்பட்ட பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோர் பெருமையையும் அவனது வெற்றியையும் முதலில் பாடிவிட்டு, வடக்கிருந்த அவன் நின்னைவிட நல்லன் அல்லனோ என்று வினவுகிறார் (புறம். 66). வென்றவனின் முகத்துக்கு நேரே இவ்வாறு கேட்ட துணிவு பலராலும் வியக்கப்பட்டுள்ளது. கரிகாலன் என்ன விடை கூறினான் என்பது பாடலில் இல்லை. அவன் உள்ளத்தில் ஏதும் எழுந்திருக்குமாயின், அதை எழுப்பியது இக்கேள்வியே. ஆமூர் மல்லனுக்காக இவ்வாறு கேட்க ஒரு குயத்தியார் இல்லாமற் போயினார்.

அக்கேள்வி இரே மான்சினியைத் தேடி வந்தது இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. 1982 நவம்பர் 13இல் இலாசு வேகாசில் கொரிய வீரர் கிம் துக் கூ அவரிடம் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து சில நாள்களில் இறந்தார். அவ்விறப்பின் தொடர்ச்சியாக உலகக் குத்துச்சண்டைக் குழு பட்டப்போட்டிகளைப் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. 1983இல் கிம்மின் தாயும், அப்போட்டியின் நடுவர் இரிச்சர்டு கிரீனும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். மனுநீதிச் சோழன் கதையிலும் இளவரசன் மீது தேரைச் செலுத்தப் பணிக்கப்பட்ட அமைச்சன் அதற்கு மாறாகத் தன்னுயிரை விடுகிறான். செய்தவனைச் சுற்றி நின்றோரும் ஒரு மரணத்தின் வட்டத்துக்குள் இழுக்கப்படுகின்றனர். மான்சினி கொரியா சென்று இறுதிச்சடங்கில் கலந்துகொண்டார், மீண்டும் களமிறங்கினார், 1984இல் பட்டத்தை இழந்தார்.

கிம் இறந்தபோது அவரை மணக்கவிருந்த பெண் கருவுற்றிருந்தார். தந்தையைக் காணாமல் பிறந்த மகன் வளர்ந்து, 2011 சூனில் தாயுடன் அமெரிக்கா சென்று மான்சினியின் இல்லத்தில் அவரைச் சந்தித்தார். அப்போட்டியின் காட்சியை முதன்முதலாகப் பார்த்தபோது மான்சினி மீது சிறிது வெறுப்பு எழுந்ததாக அம்மகன் மறைக்காமல் கூறினார். பின்னர், அது உங்கள் பிழையன்று என்றார். அதே சொற்களை ஊடகங்களும் குருமாரும் நண்பர்களும் மான்சினியிடம் அதற்குமுன் எண்ணற்ற முறை கூறியிருந்தனர். அவர்களுள் எவருக்கும் முதலில் வெறுக்கும் உரிமை இருந்ததில்லை.